ஒரு கேபிள், இரண்டு டிவி

தாராவியில் பல வீடுகளில் கீழே ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. கீழே அம்மாவுக்குத் தமிழ் நாடகம் வேண்டும். மேலே தம்பிக்குக் கிரிக்கெட் வேண்டும். ஒரே கேபிளில் இரண்டும் கிடைக்குமா?

முன்பு கிடைத்தது. எல்லா சேனலும் கேபிளில் ஒன்றாக வரும். ஸ்பிளிட்டர் போட்டு கேபிளைப் பிரிப்போம். ஒவ்வொரு டிவியும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

2012-இல் மும்பையில் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. இந்தப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் டிவிக்குத் தரும். எங்கள் சாலில் ஒரு பெரியம்மாவுக்கு இது தெரியாது. "ஒரே பெட்டி போதும், இரண்டு டிவியிலும் தனித்தனிப் படம் வரும்" என்றார் ஒருவர். பெரியம்மா 800 ரூபாய் கொடுத்தார். அவர் பெட்டிக்குப் பின்னால் வயரைப் பிரித்துவிட்டுப் போனார். பையன் சேனலை மாற்றினால் பெரியம்மாவின் நாடகமும் போய்விடும்! இரண்டு நாள் வீட்டில் சண்டை. போன பணம் வரவில்லை.

தனித்தனியே பார்க்க இரண்டு பெட்டி வேண்டும். கேபிளைப் பெட்டிக்கு முன்னால் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். ஆகவே இரண்டு டிவிக்கு இரண்டு வழி ஸ்பிளிட்டரே போடுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் சிக்னல் போதவில்லை என்று அர்த்தம்.

கூரையில் டிஷ் வைத்திருக்கிறீர்களா? அதற்குக் கேபிள் ஸ்பிளிட்டர் உதவாது. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்.என்.பி.யில் இரண்டு வாய் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வயர் வர வேண்டும்.

கேபிளை மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டாவது பெட்டிக்கு மாதம் எவ்வளவு என்று கேபிள்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். அதில் எழுதிய தொகையை நீங்களே படித்துப் பாருங்கள்.