தொட்டிக்குள் ஒரு களப்பு

திருக்கோணமலையிலிருந்து நிலாவெளி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் இறக்கக்கண்டிப் பாலத்தருகே களப்பைக் காண்பர். மாரிகாலத்தில் நிலத்தினின்று வடியும் சத்துக்கள் இத்தகைய களப்புக்களில் வந்து சேரும். அவற்றுள் ஒரு பங்கைப் பாசியும் சாதாழையும் உண்டு வளர்கின்றன.

வீட்டிலே கடல்மீன் வளர்ப்போர் தொட்டியில் இவ்வேலையைச் செய்வார் யார்? மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலும் அமோனியா பிறக்கிறது. அது கொடிய நஞ்சு. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று அத்துணைக் கொடியதன்று. ஆனால், போக வழியின்றி நாள்தோறும் பெருகும். பொசுபேற்றும் அவ்வாறே. பவளவுயிர்கள் வாடும், கண்ணாடியெங்கும் அழுக்குப் படரும். வாரந்தோறும் நீரை இறைத்துக் கொட்டிப் புதுநீர் சுமக்கலாம். சில மாதங்களிலே கை சலித்துவிடும்.

களப்பு செய்வதையே நாமும் செய்தால் என்ன? பெருந்தொட்டியருகே ஒரு சிறுதொட்டி வைத்து, இரண்டிற்குமிடையே நீரைச் சுழலவிட்டு, சிறுதொட்டியிற் பாசி வளர்க்கலாம். 1980இல் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்திலே வால்ற்றர் ஏடி என்னும் அறிஞர், பவளப்பாறைத் தொட்டியொன்றின் நீரைப் பாசி கொண்டே தூய்மைசெய்து காட்டினார். நமக்குப் பாசி தேடி அலைய வேண்டுவதில்லை. பிறநாட்டார் ‘இலங்கைப் பாசி’ என்றே பெயரிட்ட கஞ்சிப்பாசி திருக்கோணமலைக் கடலில் விளைவதுதான். ஆனால் 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவிலிருந்து ஒரு தளிரும் எடுத்தலாகாது.

சிறுதொட்டிக்கு இரவிலே விளக்கேற்றுக. இருளில் உயிர்கள் விடும் காபனீரொட்சைட்டால் நீர் புளிப்பேறும். ஒளிபெற்ற பாசி அதனையும் உட்கொள்ளும்.

பலரும் தவறுமிடம் அறுவடையே. பாசி உண்ட சத்து, அதனை வெட்டி வெளியே எடுத்தாலன்றித் தொட்டியைவிட்டு நீங்காது. அழகாயிருக்கிறதே என்று விட்டுவைத்தால், அழுகி, உண்டதையெல்லாம் கக்கிவிடும். குலைகுலையாய்க் காய்த்தது போலிருக்கும் கோலேப்பா என்னும் பச்சைப்பாசி இன்னும் பொல்லாதது. இனம்பெருக்கும் வேளையில் தன் உட்பொருள் முழுவதையும் நீரிற் சொரிந்து, வெளுத்து மடியும். நீர் கலங்கி மீன் மூச்சுத்திணறும்.

வெட்டிய பாசியைக் கடலிற் கொட்டுவதும் தகாது. 1984இல் மொனாக்கோக் கரையிற் காணப்பட்ட ஒருவகைக் கோலேப்பா, காட்சித் தொட்டிகளிலிருந்து தப்பியது என்பர். காலப்போக்கில் மத்தியதரைக் கடலடியில் பல்லாயிரம் ஏக்கரில் அது படர்ந்துவிட்டது. நன்னீரில் அலசித் தென்னையடியிற் புதைத்துவிடுங்கள், மரத்துக்கு உரமாகும்.