அலாரம் வைத்தும் சூரிய உதயத்தைக் கோட்டை விடலாம்: பைரன் முனையின் ‘ஒரு மணி நேர’ குழப்பம்

அதிகாலை 4 மணிக்கு அலாரம். காபிகூட குடிக்காமல் காரை எடுத்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் போய் நின்றால்... சூரியன் ஏற்கெனவே மேலே வந்தாச்சு!

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் தங்கிக்கொண்டு, பைரன் முனையில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் டிசம்பர் விடுமுறையில் இப்படி ஏமாற வாய்ப்பு அதிகம். தப்பு தூக்கத்தின் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல்.

அப்படி என்ன இருக்கு அங்கே?

ஆஸ்திரேலியப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கோடி இதுதான். அரக்வால் பழங்குடி மக்களின் பூர்வீக மண். 1770-ல் இந்த வழியே கப்பலில் வந்த ஜேம்ஸ் குக், ஜான் பைரன் என்ற கடலோடியின் பெயரை இதற்கு வைத்தார். கவிஞர் பைரனின் தாத்தா இவர். குன்றின் மேல் நிற்கும் வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம் 1901 முதல் எரிகிறது.

ஒரு மணி நேரம் எங்கே போச்சு?

கோல்ட் கோஸ்ட் இருப்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தில். பைரன் முனை இருப்பது பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நியூ சவுத் வேல்ஸில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். இதுதான் ‘டேலைட் சேவிங்’. குயின்ஸ்லாந்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

டிசம்பர் கடைசியில் பைரன் முனையில் சூரியன் உதிப்பது சுமார் 5:45 மணி. அப்போது கோல்ட் கோஸ்ட் கடிகாரத்தில் 4:45தான். அங்கே 4 மணிக்கு எழுந்து புறப்பட்டால், பைரனில் இறங்கும்போது உள்ளூர் நேரம் 6 தாண்டியிருக்கும். நாடு முழுக்க ஒரே நேரத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு இது சட்டென்று உறைக்காது. எல்லைக்குப் பக்கத்தில் தங்கினால், எந்த மாநில டவரில் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்ப போன் கடிகாரமும் மாறக்கூடும்.

கிழக்குக் கோடி என்றால் முதல் சூரியன் இங்கேதானா?

எப்போதும் இல்லை. டிசம்பரில் பூமியின் தென்பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருப்பதால், தெற்கே போகப் போகப் பகல் நீளும், விடியலும் முந்தும். அதனால் மேற்கே தள்ளியிருக்கும் சிட்னி, பைரனை சுமார் 3 நிமிடம் முந்திவிடும். ஜூனில் கதை தலைகீழ். பைரனில் 6:38-ஐ ஒட்டி சூரியன் வந்துவிடும், சிட்னிக்கு 7 மணி ஆகும்.

எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்?

உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் ஒளி மேல் வானத்தில் சிதறி, இங்கே சுமார் 25 நிமிடம் வெளிச்சம் தரும். ஆரஞ்சு, ஊதா நிறங்கள் எல்லாம் அப்போதுதான். சூரியன் முழுசாக வந்தபின் கண் கூசுவதுதான் மிச்சம்.

கிளம்பும் முன்...

* உதய நேரத்தை பைரன் பே ஊருக்குப் பார்த்து, அதைத் தங்கும் இடத்தின் நேரத்துக்கு மாற்றி அலாரம் வையுங்கள்.

* குன்றின் மேல் பார்க்கிங் இடம் குறைவு. கீழே நிறுத்திவிட்டு நடக்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ச் அவசியம்.

* சீக்கிரம் எழுவது கஷ்டமா? ஜூன், ஜூலையில் போங்கள். உதயம் ஆறரைக்கு மேல்தான், இரு மாநிலக் கடிகாரமும் ஒன்றே. கரையோரமாக வடக்கே போகும் கூனல் முதுகுத் திமிங்கிலங்களும் கண்ணில் படலாம்.