தோரண ஒளியும் காண்போன் உணர்வும்

கண்ணிற் படுவது ஒன்று. உள்ளம் அறிவது பிறிதொன்று. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு அண்மைக் காலத்தில் வளர்ந்ததொரு கலை நிறுவற்கலை எனப்படும். சட்டத்துள் அடங்கும் ஓவியம் போலாது, ஓரிடம் முழுவதையும் ஒளி, ஒலி, பொறி ஆகியவற்றால் நிரப்பிக் காண்போனை அதனுள் நிறுத்துவது இக்கலை. 2003ஆம் ஆண்டில் ஒலாபர் எலியாசன் என்பார் இலண்டன் டேற் மொடேண் கலைக்கூடத்தில் ஒரு செயற்கைச் சூரியனை அமைத்தார். அமைக்கப்பட்டது அரைவட்டமே, கூரையிற் பதித்த கண்ணாடி மற்றைப் பாதியைக் காட்டிற்று. மக்கள் கண்டதோ முழுச் சூரியன்.

இத்தகைய கலை மேனாட்டார்க்கே உரியதோ எனின், அன்று. வெசாக் காலத்திற் கண்டி நகரிலும் சுற்றூர்களிலும் எழுப்பப்படும் ஒளித் தோரணங்களும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. உயர்ந்த சட்டகத்தின் நடுவே புத்தர் உருவமும், அதனைச் சூழ ஜாதகக் கதைப் படங்களும் விளங்கும். ஒலிபெருக்கி கதையைப் பாட்டாகச் சொல்லும். பன்னிற மின்குமிழ்கள் வரிசை வரிசையாக ஒளிரும். சக்கரம் சுழல்வதாகவும் அருவி வீழ்வதாகவும் மக்கள் காண்பர். ஆயினும், ஒரு குமிழேனும் தன்னிடத்தினின்றும் பெயர்வதில்லை.

இதனை நிகழ்த்தும் பொறி எளியது. சுழலும் உருளையொன்றின்மேற் செப்புத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். உருளை சுழலுந்தோறும் தகடுகள் மின்கம்பி முனைகளைத் தொட்டு, குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாய் ஒளிரச் செய்யும். தகடு நீண்டிருப்பின் ஒளி நெடிது நிற்கும். குறுகின் விரைந்து அணையும். பிற்காலத்தில் உருளையின் பணியை மின்னணுச் சுற்றுக்கள் ஏற்றன.

எனவே, பொறி தருவது ஒளிர்தலும் அணைதலுமே. அசைவு எங்கிருந்து வந்தது? 1912ஆம் ஆண்டில் மாக்ஸ் வேர்தைமர் என்னும் உளவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். இரு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டியபோது, இடையீடு செக்கனின் ஆயிரத்தில் முப்பது பங்களவாயின் அவை ஒருங்கே தோன்றின. இருநூறாயின் தனித்தனியே தோன்றின. அறுபதளவில் ஒரே கோடு நகர்வதாகத் தோன்றிற்று. அசைவு குமிழிலும் இல்லை, தகட்டிலும் இல்லை. காண்போன் உள்ளத்திலேயே தோன்றுகின்றது.

மின்சாரம் வருமுன்னரே கண்டிக் கலைஞர் இதனை வேறொரு வழியாற் கையாண்டனர். கண்டிக்கு அணித்தான தெகல்தொருவக் குகைக் கோயில், 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தொடங்கி இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. அதன் சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகம் நீண்ட பட்டிகையாகத் தீட்டப்பட்டுள்ளது. அரசகுமாரன் ஒருவனே ஒரு பட்டிகையிற் பலமுறை தோன்றுகின்றான். யானையை ஈந்தவனும் மக்களை ஈந்தவனும் அவனே என்பதைக் காண்போன் சுவரோரம் நடந்து சென்றே இணைத்துக் கொள்கின்றான். அங்கே காண்போன் நடக்க ஓவியம் நிற்கின்றது. தோரணத்தின் முன் காண்போன் நிற்க ஒளி நடக்கின்றது. இரண்டிலும் கதையைத் தொடுப்பது உள்ளமே.

கண்ணுக்குப் பொருளைக் காட்டி, அதனோடு நின்று தானும் காண்பது உயிர் என்னும் உவமையை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11ஆஞ் சூத்திரத்தில் எடுத்தாள்வர். அவர் அதனால் விளக்கக் கருதியது இறைவன் உயிர்க்குச் செய்யும் உபகாரமே. எனினும், கண் தனித்துக் காணாது என்னும் அக்கருத்து ஈண்டும் பொருந்துவதாம்.

இற்றைநாளில் ஒளிகாலும் இருவாயிகள் கணினியின் ஏவலால் எத்துணை விரைவிலும் மாறவல்லன. பொறியின் ஆற்றல் பெருகிற்று. உள்ளம் தொடுத்துக் கொள்ளும் அளவோ பெருகவில்லை. அவ்வளவைக் கடப்பின் அருவியும் சக்கரமும் மறைந்து வெறும் மினுக்கமே எஞ்சும். கதையும் உடன் மறையும். ஆதலின், பொறியமைப்போன் முதற்கண் காண்போனாய் நின்று தன் ஆக்கத்தை நோக்குதல் வேண்டும். விரைவன்று, காண்போன் உணர்வுக்கு இசைதலே இக்கலையின் சிறப்பை அளக்கும் கோலாகும்.