சுவர் இருந்தால்தான் சித்திரம்: கார்ப் பட்டறைத் தரையும் எபாக்சிப் பூச்சும்

சுவா சூ காங்கை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டையில் என் மாமா சிறிய கார்ப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். பல்கலைக்கழக விடுமுறையில் அங்குச் சென்று கணக்கு எழுதித் தருவது என் வழக்கம். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் மாமா பட்டறைத் தரைக்குச் சாம்பல் நிற எபாக்சிப் பூச்சுப் போட்டார். குத்தகைக்கு எடுத்தவர் முதல் நாள் இரவு தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மறுநாள் மாலைக்குள் பூசி முடித்துவிட்டார். “ஷோரூம் மாதிரி இருக்கே!” என்று வாடிக்கையாளர்கள் வியந்தபோது மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மூன்று மாதங்கள்தான் நீடித்தது. விரைவுச்சாலையில் வந்து நின்ற கார் ஒன்றை மறுநாள் காலை பின்னால் எடுத்தார்கள். நான்கு சக்கரங்கள் நின்ற இடத்திலும் பூச்சு டயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் ஆங்காங்கே கொப்புளங்கள் தோன்றின. உரிந்த ஓரங்களில் எண்ணெய் தேங்கத் தொடங்கியது. ஒரு மாலை, டயரைத் தூக்கிக்கொண்டு நடந்த ஊழியர் ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பட்டறையில் எல்லாரும் அவரைப் ‘பட்டுக்கோட்டை அண்ணன்’ என்றுதான் அழைப்போம். ஆறு வாரம் கையில் கட்டு.

கட்டுப்போட்ட கையோடு அவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நீங்க இதைத்தானே படிக்கிறீங்க? ஏன் உரியுதுன்னு சொல்லுங்களேன்.”

பொருளறிவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். எபாக்சி மூலக்கூற்றின் படத்தைத் தேர்வுத்தாளில் வரையத் தெரியும். ஆனால் அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வெட்கத்தில் தேடித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எபாக்சி என்பது என்ன?

நம் வீடுகளில் உடைந்த பீங்கானை ஒட்ட இரண்டு குழல்களிலிருந்து சமமாகப் பிதுக்கிக் குழைக்கும் அரால்டைட் பசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் எபாக்சிதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் காஸ்டான் 1930களில் செயற்கைப் பற்களுக்கான பொருளைத் தேடியபோது உருவாக்கிய பிசின்தான் இதன் தொடக்கங்களுள் ஒன்று. பல் மருத்துவத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. சீபா நிறுவனம் அந்த உரிமத்தைப் பெற்று, 1946இல் அரால்டைட் என்ற பெயரில் பசையாக அறிமுகப்படுத்தியது. பல்லுக்காகப் பிறந்தது, தரைக்கு வந்து சேர்ந்தது!

எபாக்சியில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று பிசின், மற்றொன்று கடினமாக்கி. பிசின் மூலக்கூற்றின் முனைகளில் இரண்டு கரிம அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் முக்கோணமாக நெருக்கியடித்து நிற்கின்றன. கடினமாக்கியில் உள்ள அமீன் என்னும் பகுதி அந்த முக்கோணத்தைத் திறந்து தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று கைகோத்து, இறுதியில் தரை முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது.

ஆகவே சாதாரணச் சாயம் ‘காய்கிறது’. எபாக்சியோ ‘வேகிறது’ என்று சொல்லலாம். வெந்த இட்லி மீண்டும் மாவாகாதது போல, இறுகிய எபாக்சியும் மீண்டும் உருகித் திரவமாகாது. எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் ஆகியவற்றை அது தாங்குவதற்கு இந்த வலைதான் காரணம். கலவை விகிதம் முக்கியம் என்பதற்கும் இதுவே காரணம். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால், கைகோக்க ஆளில்லாத அமீன் மிஞ்சி, பூச்சு பலவீனமாகிவிடும்.

பட்டறைக்கு இது தேவைதானா?

பார்வைக்குக் கல்லாகத் தெரியும் கான்கிரீட் உண்மையில் நுண்ணிய துளைகள் நிறைந்தது. சிந்திய எஞ்சின் எண்ணெயைக் கடற்பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரியின் கந்தக அமிலம் பட்டால் சிமெண்டே அரிக்கப்படும். தேய்ந்த தரையிலிருந்து எழும் தூசு, பிரித்து வைத்த எஞ்சினுக்குள் போகும்.

சுவா சூ காங் வாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வட்டாரத்தின் பெங் சியாங் ஆறு, 1970களில் கழிமுகத்தை அணைகட்டி உருவாக்கப்பட்ட கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மழைநீர்க் கால்வாயில் கலக்கும் எண்ணெய், நாம் குடிக்கும் நீரின் பாதையில்தான் கலக்கிறது. பட்டறையின் கழிவுநீர் எண்ணெய் பிரிப்பான் வழியாகச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்குள் அன்று. எண்ணெயை உறிஞ்சாத, துடைத்தெடுக்கக்கூடிய தரை இருந்தால் அதைச் செய்வது எளிது.

உரிந்த துண்டின் மறுபக்கம்

பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கிடைத்தது. மேற்புறம் புதிது போலவே பளபளத்தது. அடிப்புறத்தில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. சில துண்டுகளில் பழைய எண்ணெயின் கறுப்புக் கறையும் இருந்தது.

சிமெண்டுத் தூள் ஒட்டியிருக்கிறது என்றால் என்ன பொருள்? எபாக்சி தன் பிடியை விடவில்லை. அது பிடித்திருந்த கான்கிரீட்டின் மேல்தோல்தான் பிய்ந்து வந்திருக்கிறது. கான்கிரீட் ஊற்றும்போது நீரும் நுண்ணிய சிமெண்டும் மேலே மிதந்து, காய்ந்ததும் பாலாடை போன்ற பலவீனமான ஏடாகப் படிகின்றன. அந்த ஏட்டை அகற்றாமல் பூசினால், பூச்சு பாலாடையின் மேல்தான் நிற்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் அந்தப் பிடியும் கிடையாது.

இந்த நிலையில் சூடான டயர் வந்து நிற்கிறது. வெப்பத்தில் எபாக்சி சற்றே இளகுகிறது. டயர் ரப்பரிலுள்ள இளக்கிப் பொருள்களும் பூச்சுக்குள் கசிகின்றன. டயர் குளிரும்போது சுருங்கி, பூச்சைத் தன்னோடு இழுக்கிறது. அடித்தளம் உறுதியாக இருந்து, பூச்சும் நன்கு இறுகியிருந்தால் இந்த இழுப்பைத் தாங்கிவிடலாம். மாமாவின் தரையில் அடித்தளம் உறுதியாக இல்லை.

கொப்புளங்கள் எப்படி வந்தன? அவை ஈரத்தின் வேலை. தரைத்தளக் கான்கிரீட்டுக்குக் கீழே ஈரத்தடுப்பு விரிப்பு இல்லையென்றால் மண்ணின் ஈரம் துளைகள் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும். திறந்த தரையில் அது ஆவியாகிப் போய்விடும். நாம் கவனிப்பதே இல்லை. மேலே மூடி போட்டுவிட்டால், வெளியேற வழியின்றிப் பூச்சை அடியிலிருந்து தள்ளும். சுவா சூ காங் என்ற பெயரே பழைய ஆற்றங்கரைக் குடியிருப்பைக் குறிக்கும் தியோச்சூ பெயர். ஈரம் இங்கே புதிய விருந்தாளி அன்று!

காசு செலவில்லாத மூன்று சோதனைகள்

கை குணமாகி வந்த பட்டுக்கோட்டை அண்ணனும் நானும் இந்தச் சோதனைகளைச் செய்தோம்.

முதலாவது, நீர்த்துளிச் சோதனை. தரையில் சில துளி நீர் விட்டுப் பார்க்க வேண்டும். கான்கிரீட் அதை உறிஞ்சினால் நல்லது. சேப்பங்கிழங்கு இலைமேல் நீர் போல் முத்துமுத்தாக நின்றால், அங்கே எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது. கார் தூக்கியைச் சுற்றிலும் முத்துகள்தாம்.

இரண்டாவது, பிளாஸ்டிக் விரிப்புச் சோதனை. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுத்தாளால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நாங்கள் மாலையில் ஒட்டி மறுநாள் முற்பகலில் பிரித்தோம். தாளின் அடியில் நீர்த்துளிகள், கான்கிரீட்டும் கறுத்திருந்தது. மாமா கீழே குனிந்து பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. ஆனால் ஒன்று: இந்தச் சோதனையில் தாள் காய்ந்திருந்தால் மட்டும் ஈரமே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஐயமிருந்தால் கருவியால் அளப்பதே முறை.

மூன்றாவது, பனிநிலைக் கணக்கு. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. தரையின் வெப்பநிலை அதைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. சிங்கப்பூரில் காற்று 27 டிகிரியாகவும் ஈரப்பதம் 85 விழுக்காடாகவும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 24.3 டிகிரி. தரையும் 27 டிகிரியாக இருந்தால் இடைவெளி 2.7 டிகிரிதான், பூசக்கூடாது. நம் ஊரில் அதிகாலையிலும் மழை பெய்து ஓய்ந்த பிறகும் இந்த நிலை மிகச் சாதாரணம். மீறிப் பூசினால் கடினமாக்கியிலுள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே மெழுகு போன்ற பிசுபிசுப்பான ஏட்டை உண்டாக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது.

இரண்டாம் முறை

இம்முறை வேலை ஒரு நாளில் முடியவில்லை. ஏழு நாள் பட்டறையை மூட வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி பூசுவதற்கு ஆனதன்று, பூசுவதற்கு முன்பு செய்த வேலைக்கே ஆனது. எண்ணெய் நீக்கியால் திரும்பத் திரும்பத் தேய்த்து உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு வைரப் பற்கள் பதித்த கிரைண்டரால் மேல்தோலைச் சுரண்டினார்கள். தரை மெல்லிய உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக வந்தது. எண்ணெய் ஆழமாக ஊறிய ஓர் இடத்தை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பினார்கள். மீண்டும் நீர்த்துளி விட்டோம், உறிஞ்சிக்கொண்டது. அதன்பிறகுதான் ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பிரைமர், அதன்மேல் நடுப்பூச்சு, கடைசியில் மேற்பூச்சு.

தடிமனும் கவனிக்க வேண்டியது. ரோலரால் பூசும் மெல்லிய பூச்சு ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவே இருக்கும். தானே சமன்படும் வகை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வரும். ஜாக்கியும் எஞ்சினும் உருளும் இடங்களுக்கு மாமா தடித்த வகையைத் தேர்ந்தெடுத்தார். அலுவலகப் பகுதிக்கு மெல்லியதே போதும் என்று விட்டுவிட்டார்.

கலக்கிய வாளியையும் மறந்துவிடக் கூடாது. இறுகும்போது எபாக்சி வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே நம் வெயிலில் ஒரு வாளி நிறையக் கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது வாளி புகைந்துகொண்டிருக்கலாம். சிறுகச் சிறுகக் கலந்து, உடனே தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

பளபளப்பு மட்டும் போதுமா?

கண்ணாடி போன்ற எபாக்சித் தரையில் எண்ணெய் சிந்தினால் வெறும் கான்கிரீட்டைவிட அதிகமாக வழுக்கும். சறுக்கி விழுதலும் தடுக்கி விழுதலும் சிங்கப்பூரின் வேலையிடக் காயங்களுக்குப் பல ஆண்டுகளாக முன்னணிக் காரணங்களுள் அடங்குகின்றன. ஆகவே ஈரமான நடுப்பூச்சின்மேல் குவார்ட்ஸ் மணலைத் தூவி, இறுகியபின் மிஞ்சியதைப் பெருக்கியெடுத்து, மேற்பூச்சைப் போட்டோம். மணல் தூவிய தரையைத் துடைப்பது சற்றுக் கடினம். மாமா முகத்தைச் சுளித்தார். “பாஸ், நான் தினமும் தேய்க்கிறேன். ஆனா மணல் வேணும்,” என்றார் பட்டுக்கோட்டை அண்ணன். அதற்குமேல் யாரும் வாதிடவில்லை.

எபாக்சியால் எல்லாவற்றையும் தாங்க முடியாது. பிரேக் எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்; ஊறவிட்டால் பூச்சை இளக்கிவிடும். வெயில் படும் வாசல் பகுதியில் எபாக்சி மஞ்சளித்து வெளிறும். அங்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலியூரித்தேன் மேற்பூச்சு நல்லது.

பூசுபவரின் உடல்நலமும் இதில் அடங்கும். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பிறகு சிறு துளி பட்டாலும் தோல் தடித்துவிடும். நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றோட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம். கையில் பட்டதைத் தின்னர் கொண்டு துடைப்பது பலரின் பழக்கம். அது பிசினைத் தோலுக்குள் செலுத்துமே தவிர நீக்காது. கான்கிரீட்டைச் சுரண்டும்போது எழும் தூசில் நுரையீரலைப் பாழாக்கும் சிலிக்கா உண்டு; தூசு உறிஞ்சும் கருவியும் தகுந்த முகக்கவசமும் வேண்டும்.

நிறைவாக

ஓராண்டு ஓடிவிட்டது. டயர் நிற்கும் இடங்களை ஒவ்வொரு முறையும் நான் குனிந்து பார்க்கிறேன். இதுவரை ஒரு துண்டும் எழும்பவில்லை. முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, ஏழு நாள் வருமானம், ஒருவருடைய மணிக்கட்டு ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எழுதியவன் நான். முதல் முறையே தரையைச் சுரண்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதைவிடக் குறைவு. மணிக்கட்டை எந்தத் தொகையாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். நண்பர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் கடையிலோ யாரேனும் தரைக்குப் பூச்சுப் போடப் போவதாகச் சொன்னால், என்ன நிறம் என்று கேட்பதற்கு முன் ஒரு துளி நீரைத் தரையில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.