கம்போடியக் குடும்பத்தாரின் உணவுச்சாலை

கம்போடியா தேசத்தாரின் உணவை அருந்த விரும்புவோர் அந்நாட்டிற்கே செல்லல் வேண்டுமென்பதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரில், அனகைம் வீதியின் ஒரு பகுதி 2007-ஆம் ஆண்டு முதல் 'கம்போடியா டவுன்' என்றே வழங்கப்பெறுகின்றது. தாய் அடுப்பினருகேயும், தந்தை பணப்பெட்டியினருகேயும், மக்கள் பரிமாறுவதிலுமாக ஒரு குடும்பமே முன்னின்று நடத்தும் உணவுச்சாலைகள் இத்தகைய இடங்களில் உண்டு.

அங்கே உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருவதில்லை. குழம்பு, மீன், இறைச்சி, காய் யாவும் ஒருங்கே நடுவில் வைக்கப்படும்; அவரவர் தட்டில் சோறிட்டுக்கொண்டு எல்லோரும் பகிர்ந்துண்பர். உண்ணுதலையே அவர்கள் 'ஞாம் பாய்', அதாவது சோறுண்ணுதல், என்பர். பலகாரம் எவ்வளவு உண்டாலும் சோறுண்ணவில்லையே என்று குறைப்படும் நமக்கு இவ்வழக்கு புதியதன்று.

சுவைக்கெல்லாம் மூலமாவது 'குரூங்' என்னும் அரைப்பு. எலுமிச்சம்புல், பேரரத்தை, மஞ்சள், பூண்டு, சிறுவெங்காயம், நாரத்தையை ஒத்த ஒரு மரத்தின் இலை ஆகியவற்றை உரலிலிட்டு இடித்துச் செய்வர். இதனைத் தேங்காய்ப்பாலிற் கலந்து, மீன்துண்டங்களுடன் வாழையிலைத் தொன்னையில் ஆவியில் வேகவைப்பதே 'அமோக்'. காரத்தை எதிர்பார்த்து உண்போர் ஏமாறுவர். மணமே இதன் சிறப்பு. மிளகை அந்நாட்டார் 'ம்ரெச்' என்பர். 'மரீச' என்னும் வடசொல்லே இங்ஙனம் திரிந்தது. கம்போட் பகுதியில் விளையும் மிளகைப் பொடித்து எலுமிச்சைச் சாற்றிற் குழைத்து, வதக்கிய மாட்டிறைச்சிக்குத் தொடுகறியாக வைப்பர்.

இவ்வெளிய உணவின்பின் ஒரு பெருந்துயரம் மறைந்துள்ளது. 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் படையினர் புனோம் பென் நகரைக் கைப்பற்றி, மக்களை நாட்டுப்புறங்களுக்குத் துரத்தினர். 1979 ஜனவரியில் அவ்வாட்சி வீழுமுன் பசியாலும் நோயாலும் கொலையாலும் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் மாண்டனர். அக்காலத்தில் குடும்பமாயமர்ந்து உண்பதே விலக்கப்பட்டது. பொதுக்கூடத்தில் வார்க்கும் நீர்த்த கஞ்சியே உணவு. தனியே அடுப்பு மூட்டிச் சமைத்தல் குற்றம். நெல் விளைவித்த கைகளுக்கே சோறில்லை. சமையல்முறைகளோ பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. தாயின் அருகிருந்து மகள் பார்த்துக் கற்பவை. தாயை இழந்தவள் அவற்றையும் இழந்தாள். தாய்லாந்து எல்லையிலிருந்த அகதி முகாம்களைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தோர், நாவின் நினைவொன்றையே துணையாகக் கொண்டு பல உணவுகளை மீண்டும் ஆக்கிப் பார்த்தனர். ஆகையால், தாயும் மக்களும் கூடிச் சமைத்துப் பரிமாறும் அக்காட்சியை வெறும் வாணிகமாக நான் எண்ணமாட்டேன்.

இனி, 'பிரஹோக்' பற்றியும் சொல்லவேண்டும். தொன்லே சாப் ஏரியினின்று வரும் ஆறு மழைக்காலத்தில் எதிர்முகமாய்த் திரும்பி ஓடி ஏரியைப் பன்மடங்கு பெருக்கும். வெள்ளம் வடியுங்கால் மீன்கள் திரள்திரளாய் அகப்படும். அவற்றை நசுக்கி, உப்பிட்டு, பல மாதம் புளிக்கவைப்பதே பிரஹோக். அதன் நாற்றம் பழகாதாரை ஓட்டிவிடும்; கருவாட்டுக் குழம்பு உண்பார்க்கு அவ்வளவு அச்சம் வேண்டுவதில்லை. அயலார்க்கு அதனை முதலிற் காட்டத் தயங்குவோரும் உளர். துணிந்து கேட்பவர், கொத்திய பன்றியிறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைத்த 'பிரஹோக் க்திஸ்' என்பதனைப் பச்சைக் கத்தரிக்காயுடனும் வெள்ளரியுடனும் தொட்டு உண்டு பார்க்கலாம்.