குடலிலே ஒரு குடியரசு!

அரசியல் ஏட்டிலே கோழிக் குடலுக்கு என்ன வேலை என்று கேட்போர் கேட்கட்டும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலே ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டும் தோழன், ஏழாம் நாள் அரைக் கிலோ கறி வாங்குகிறான். அந்தக் கோழி எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்பது நம் வேலை அல்லாமல், வேறு யார் வேலை?

பிராய்லர் கோழி தாயறியாப் பிள்ளை! நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் காலடியிலே குப்பையைக் கிளறும்போதே, தாயின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதற்குச் சீதனமாய் வந்து சேருகின்றன. பொரிப்பகத்திலே பிறந்த குஞ்சுக்கு அந்தச் சீதனம் ஏது? ஆளில்லா வீட்டிலே திருடன் நுழைவதுபோல, வெறுங்குடலிலே சால்மொனெல்லா நுழைகிறது.

இதற்கு வணிக உலகம் கண்ட வழி என்ன? 1940களின் பிற்பகுதியிலே, ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்திலே சிறிதளவு கலந்தால் குஞ்சு விரைவாய் வளருவதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அன்றுமுதல், நோயாளிக்குத் தரவேண்டிய மருந்து நோயில்லாத கோழிக்கும் தீனியாயிற்று! தினம் ஓர் அடி வாங்கிப் பழகியவன் தடியடிக்கு அஞ்சுவானா? கிருமியும் அஞ்சவில்லை. மனிதனுக்குக் கடைசிக் கேடயமான கொலிஸ்டினையும் எதிர்த்து நிற்கும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுவதை 2015இல் சீனத்திலே கண்டுபிடித்தார்கள். இந்திய அரசு உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்திவிட்டது. அங்கே கோழி வளராமலா போயிற்று?

கறி வெந்தால் கிருமி சாகுமே என்பார்கள். சாகும்! ஆனால் வெட்டும் கையிலே, கழுவும் நீரிலே, வயலுக்குப் போகும் எருவிலே அது ஊர்வலம் போகிறதே! நாளை தொழிலாளியின் குழந்தை காய்ச்சலில் துடிக்கையில் மருந்து வேலை செய்யாவிட்டால், அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

மாற்று இல்லையா? உண்டு. 1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரண்டாலாவும், நலமான பெரிய கோழியின் குடலில் இருந்த நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். சால்மொனெல்லாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை! நல்லவர்கள் நாற்காலியிலே அமர்ந்துவிட்டால் தீயவன் எங்கே அமர்வான்? புரோபயாட்டிக் தீவனத்தின் தத்துவம் இதுதான். நம் வீட்டுத் தயிரின் இனத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ், குடலிலே புளிப்பை உண்டாக்கிப் பகைவனை ஒடுக்குகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் விதைபோல உறங்கி, தீவன ஆலையின் சூட்டையும் தாங்கி, குடலுக்குள்ளே போய் விழிக்கிறது.

இது மந்திரம் அல்ல. ஈரத் தரையும், அழுக்குத் தண்ணீரும், மூச்சுமுட்டும் நெரிசலும் இருக்கும் கொட்டகையிலே எந்த நல்ல உயிரும் நிலைக்காது. எல்லா இனமும் ஒரே பலன் தருவதும் இல்லை.

ஆனால், முடிவெடுப்பது யார்? பல்லடம் வட்டாரத்திலே ஒப்பந்தப் பண்ணையாளரின் கதையைப் பாருங்கள். கொட்டகை அவருடையது, உழைப்பு அவருடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை! அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள் இருப்பதை அவரா தீர்மானிக்கிறார்? ஆகவே அவரைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றாதீர்கள்.

நாம் கேட்பது இதுதான்: மூட்டையிலே கலந்தது எது, எவ்வளவு என்பதைத் தமிழிலே, படிக்கத்தக்க எழுத்திலே அச்சிடு! தடை செய்த மருந்து வருகிறதா என்று ஆலை வாயிலிலேயே சோதித்துப் பார்! நல்ல தீவனத்தின் செலவைப் பண்ணையாளர் கூலியிலே பிடிக்காதே!

கோழியின் குடல் நலம் கோழியோடு முடிவதில்லை, தோழர்களே! அது நம் வீட்டுச் சட்டியிலே வந்து முடிகிறது.