முன்பணமும் மழைமேகமும்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் சிற்றூரை அடுத்து, நவஹோ பழங்குடி மக்களுக்கு உரிய நிலத்திலே அன்டிலோப் பள்ளத்தாக்கு உள்ளது. பள்ளத்தாக்கு என்றதும் அகன்ற மலைச் சரிவை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டா. இரு கைகளையும் நீட்டினால் இரு பக்கத்துப் பாறைகளையும் தொடலாம் என்னும் அளவுக்குப் பல இடங்களில் ஒடுங்கிய, செம்மணற்பாறையின் ஆழ்ந்த பிளவு அது. பன்னெடுங்காலமாக மழைவெள்ளம் உள்ளே சுழன்றோடிப் பாறையை அலை அலையாக வடித்திருக்கிறது. அதன் மேற்பகுதிக்கு நவஹோ மொழியில் வழங்கும் பெயரின் பொருளே, பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்பதுதான்.

மார்ச் மாதக் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டிய சிறிது நேரம், உச்சியிலுள்ள திறப்பின் வழியே ஒளிக்கற்றை ஒன்று தரை வரை இறங்கும். வழிகாட்டி ஒரு பிடி மணலை வீசுவார். அத்தூசியில் ஒளி தூண்போல் நிற்கும். உலகெங்குமிருந்து கேமராவைச் சுமந்து வருவோர் நாடுவது இக்காட்சியையே. அங்கே எடுத்த படமொன்று 65 இலட்சம் டாலருக்கு விலைபோனதாக 2014இல் அதை எடுத்தவர் தரப்பிலேயே அறிவித்தார்கள். வாங்கியவர் பெயரை வெளியிடவில்லை. நம்புவோர் நம்பட்டும்.

ஒளி நிற்பதோ சில நிமிடம், இடமோ குறுகியது, வருவோரோ ஏராளம். இம்மூன்றும் கூடியதால் அங்கே ஒரு தொழில் பிறந்தது. 1997 முதல், நவஹோ அரசின் அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் அன்றி எவரும் உள்ளே செல்ல இயலாது. வெளியூர்ப் புகைப்பட ஆசிரியர் ஒருவர் மாணவர் அறுவரையோ எண்மரையோ அழைத்துக்கொண்டு பல நாள் சுற்றுலா நடத்துவதாயினும், அந்த வழிகாட்டிகளிடமே இடம் பெற வேண்டும். விடுதி, வண்டி, நுழைவு ஆகிய அனைத்தையும் மாதக்கணக்கில் முன்னதாகவே பேசிவைக்க வேண்டியிருக்கிறது.

முன்னாளில் இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் தொலைபேசியும் போதுமாயிருந்தன. இன்று முன்பதிவு மென்பொருள் அவ்வேலையைச் செய்கிறது. எந்த வேளைக்கு எத்தனை இடம் என்று ஒருமுறை குறித்துவிட்டால், ஒரே இடத்தை இருவருக்கு விற்கும் அவக்கேடு நேராதபடி அது பார்த்துக்கொள்ளும். முன்பணத்தை வாங்கும், ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்ற உறுதிப்பத்திரத்தில் ஒப்பம் பெறும், முந்தின நாள் நினைவூட்டும். ஆயினும் அது அறியாதவற்றை உரிமையாளரே எழுதிச் சேர்க்க வேண்டும். அங்கே கடிகாரமே ஒரு சிக்கல். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதில்லை. நவஹோ நிலம் தள்ளுகிறது. பள்ளத்தாக்கின் சுற்றுலாக்களோ, நவஹோ நிலத்தில் நடந்தும், பேஜ் ஊரின் நேரப்படியே நடக்கின்றன. கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பி வந்தவர், நண்பகல் ஒளியைத் தவறவிட்டால் அவருடைய பயணமே வீண். ஆகவே உறுதிக் கடிதத்தின் முதல் வரியிலேயே எந்த நேரம் என்பதைச் சொல்லிவிடுதல் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே குறிக்கலாம். 2018இல் ஃபேர்ஹார்பர் என்ற மென்பொருளைப் புக்கிங் நிறுவனமும், ஐஸ்லாந்தில் உருவான போகுன் என்ற மென்பொருளைத் டிரிப்அட்வைசர் நிறுவனமும் வாங்கிக்கொண்டன. இரண்டுமே பயணச் சீட்டுகளை விற்றுத் தரகு பெறும் பெரு நிறுவனங்கள். வணிகரின் கணக்கேடு தரகரின் வீட்டிலே இருப்பது நமக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

இவையெல்லாம் வசதியைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய பேச்சு 1997 ஆகஸ்டு 12இல் நடந்ததைக் கொண்டே தொடங்க வேண்டும். அன்று கீழ்ப் பள்ளத்தாக்கில் பயணிகள் பலர் இறங்கியிருந்தனர். அவ்விடத்தில் மழை மிகச் சிறிதே. ஆனால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேலே, நீர்வரும் திசையில், இடிமழை கொட்டித் தீர்த்திருந்தது. அந்த நீர் முழுவதும் பிளவுக்குள் பாய்ந்தது. மரத்தாலான ஏணிகளையும் வெள்ளம் அடித்துச் சென்றது. பதினொருவர் மாண்டனர், அவருள் பெரும்பாலோர் பிரான்சு நாட்டவர். அவர்களுடன் சிக்கிய வழிகாட்டி ஒருவரே உயிர் பிழைத்தார். இன்று பாறையில் முடுக்கிய இரும்புப் படிகளும், மேலிருந்து வீசி இறக்கும் வலைகளும், எச்சரிக்கைச் சங்கும், வானிலை வானொலியும் அங்கே உள்ளன.

இரும்புப் படி வந்துவிட்டது. ஆனால் இன்று வேண்டா என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? அது பணத்தின் ஏற்பாட்டிலிருந்தே வரும் என்பது நம் எண்ணம். மழைக்காலத்தில் ஒரு வேளையை நிறுத்தினால் அன்றைய வருமானம் போகும் என்ற நிலையிலிருக்கும் வழிகாட்டி, மேகத்தை இரண்டு விதமாகப் பார்ப்பார். வானிலைக்காக நாங்கள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும், அல்லது விரும்பும் வேறு நாள் கிடைக்கும் என்று முன்பதிவின்போதே எழுதிவைத்து, அதற்கான தொகையைத் தொடாமல் வைத்திருப்பவர் ஒரே விதமாகப் பார்ப்பார். மென்பொருளில் அந்த வேளையை மூடிவிட்டால், சில நொடிகளில் அனைவருக்கும் செய்தி போய்விடும். பத்துப் பேரைத் தொலைபேசியில் தேடிப் பிடிக்கும் தொல்லை இல்லை. இக்கருவியின் மிகப் பெரிய பயன் இடத்தை விற்பதிலன்று, விற்றதைத் திருப்பித் தருவதை எளிதாக்குவதிலேயே உள்ளது என்போம்.

தொகையைத் தொடாமல் வைப்பது சொல்வதற்கு எளிது. முன்பணம் வந்த அன்றே மென்பொருள் அதைத் திரையில் வரவாகக் காட்டுகிறது. உண்மையில் சுற்றுலா நடந்து முடியும் வரை அது கடனே. 2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டு நவஹோ அரசு பள்ளத்தாக்கை மூடிற்று. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் மீண்டும் திறந்தது. ஓராண்டுக்கு மேல் ஒரு நாள் ஊதியமும் இல்லை. முன்பணத்தைப் புதுக் கேமராவிலும் வண்டியிலும் போட்டவர் அத்தகைய ஆண்டில் எதைக் கொண்டு திருப்பித் தருவார்? வங்கியில் தனிக் கணக்கொன்று திறந்து, முன்பணம் முழுவதையும் அதில் போட்டு, பயணம் முடிந்தபின் மட்டும் எடுப்பதே இதற்கு வழி. இதை மென்பொருள் தானாகச் செய்துவிடும் என்று எண்ணியிருக்கலாகாது.

புகைப்படக்காரர்க்கென்றே மேற்பகுதியில் முன்பு தனிச் சுற்றுலா இருந்தது. முக்காலியை நிறுத்தி, மற்றக் கூட்டத்தைச் சில நிமிடம் வழிகாட்டி தடுத்து நிற்க, வெறும் பாறையையும் ஒளியையும் எடுக்கலாம். நெருக்கடி மிகுந்ததால் அது 2019இன் இறுதியில் நின்றது. இன்று அங்கே முக்காலிக்கு இடமில்லை. பழைய விளம்பரத்தை நீக்காமல் இன்னும் அதைச் சொல்லி ஆள் சேர்ப்பவர் உண்டெனில், அதற்கு வேறு பெயர் உண்டு.

கோடை மழைக் காலத்தில் நிறுத்தச் செய்தி பெறுவோர் முணுமுணுப்பதும் இயல்பே. ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வந்திருப்பார். தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கும். வழிகாட்டி தெற்கே, நீர் வரும் திசையைக் காட்டுவார். அங்கே அடிவானத்தில் கறுத்திருப்பது ஒரு சிறு மேகந்தான்.